கோழிக்கு நாடி பார்த்த பண்டிதர்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குச் சண்டை போட ஆள் கிடைக்காத ஓர் ஆண்டில், மகுடவர்மர் என்ற மன்னருக்குக் கோழிப் பைத்தியம் பிடித்தது. அரண்மனைக் கொல்லையில் வளரும் பெட்டைக் கோழிகளின் முட்டை இல்லாமல் அவருக்குக் காலை உணவு இறங்காது. அவற்றுக்கு நோய் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் சபையைக் கூட்டி ஆணையிட்டார்.

"கோழிகளும் இந்த அரண்மனையின் குடிகளே. எனக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் பாராட்டக் கூடாது. தினமும் அவற்றின் உடல்நலம் எனக்குத் தெரிந்தாக வேண்டும்!"

அரண்மனை வைத்தியர் பஞ்சநதப் பண்டிதருக்கு வாயெல்லாம் பல். மறுநாள் விடிந்ததும் முரசு முழங்க, சேவகர்கள் புடைசூழக் கொல்லைக்குள் நுழைந்தார். சேவகர்கள் கோழிகளைத் துரத்திப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார்கள். பண்டிதர் அலகைப் பிளந்து பார்த்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார், காலைப் பிடித்து நாடி பார்த்தார். கோழிக்கு நாடி எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அதனால் என்ன, கண்ணை மூடித் தலையை ஆட்டினால் போதாதா? "பரம சௌக்கியம்!" என்று மன்னருக்குச் சேதி போனது.

தினமும் இதே கூத்து. பரம சௌக்கியமாக இருந்த கோழிகள் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன.

மன்னர் கொதித்துப் போனார். பண்டிதர் சும்மா இருப்பாரா? மன்னருக்குச் செல்லமான விகடகவி மாங்குடியான் மீது அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"பெருமானே, கோழிகளின் உடம்பில் குறையில்லை, மனத்தில்தான் வாட்டம். நம்மைச் சிரிக்க வைக்கும் மாங்குடியார் அவற்றையும் மகிழ்விக்கட்டுமே. முடியாவிட்டால் இவருக்குப் போட்ட சோறெல்லாம் தண்டம்தானே?"

"சரியான பேச்சு!" என்றார் பசியோடிருந்த மன்னர். "மாங்குடியாரே, வரும் பௌர்ணமிக்குள் முட்டை வர வேண்டும். இல்லையேல் நாட்டை விட்டே நீர் வெளியேற வேண்டும். அதுவரை கோழிகள் விஷயத்தில் உம் சொல்லே என் சொல்."

மாங்குடியானுக்குக் கவலைதான். பிறந்த மண்ணை விட்டு எங்கே போவான்? ஆனாலும் முகத்தில் காட்டாமல் கொல்லை வேலி ஓரம் உட்கார்ந்து, பண்டிதரின் வைத்தியத்தை ஒரு காலைப்பொழுது முழுக்கப் பார்த்தான். திரும்பும்போது சீட்டியடித்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் விடியலில் மன்னரின் படுக்கையறைக்குள் முரசு முழங்கியது. மாங்குடியான் சொல்லே மன்னர் சொல் என்று ஆணை இருந்ததால், அலறியடித்து ஓடிய மன்னரையே சேவகர்கள் துரத்திப் பிடித்துத் தூக்கினார்கள்.

"பண்டிதரே, வாயைப் பிளந்து பாரும்" என்றான் மாங்குடியான். பண்டிதர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பார்த்தார். "கைகளை விரித்துப் பாரும். காலில் நாடி பாரும். ஆயிற்றா? சேவகர்களே, இனித் தலைகீழாக..."

"ஐயோ, விடுங்கள்!" என்று கத்தினார் மன்னர்.

இறக்கிவிட்டதும் அவர் முன் நெய்யப்பம் வந்தது. "சாப்பிடுங்கள் மன்னா."

"யாருக்கய்யா வேண்டும்! நெஞ்சு படபடக்கிறது, ஒரு வாய் இறங்குமா? இது ராஜத் துரோகம்!"

"இல்லை மன்னா, தங்கள் ஆணை. கோழிகளுக்கும் தங்களுக்கும் வித்தியாசம் கூடாது என்றீர்கள். அவற்றுக்குத் தினமும் நடப்பது தங்களுக்கு இன்று ஒருநாள் நடந்தது. தங்களுக்கு அப்பமே உள்ளே இறங்கவில்லை. அவை பாவம், முட்டையே இட வேண்டும்!"

மன்னர் பண்டிதரை முறைத்தார்.

"அப்படியானால் நோய் வந்தால் எப்படித் தெரியும்?"

"தானியத்தை இறைத்துவிட்டு எட்ட உட்கார்ந்து பார்த்தாலே போதும். ஓடி வந்து கொத்துகிற கோழிக்குக் குறையொன்றும் இல்லை. கொண்டை வெளுத்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒதுங்குவதை மட்டும் மெல்ல எடுத்துப் பார்க்கலாம்."

அன்றோடு முரசு நின்றது. பண்டிதர் தினமும் தானியம் இறைத்துவிட்டு வேலி ஓரம் வாய் திறக்காமல் உட்கார வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஆனாலும் முட்டை வரக் காணோம். பௌர்ணமி நெருங்க நெருங்க மாங்குடியானுக்குச் சோறும் செல்லவில்லை, தூக்கமும் வரவில்லை.

பௌர்ணமியன்று காலை, ஒரு சாம்பல் நிறக் கோழி வைக்கோல் கூடைக்குள் ஏறி உட்கார்ந்தது. சேதி கேட்டு மன்னர் ஓடி வந்தார், பின்னால் சபையே வந்தது. மாங்குடியான் உதட்டில் விரலை வைத்தான். எல்லோரும் மூச்சுக்கூட விடாமல் நுனிக்காலில் நின்றார்கள். சற்றுப் பொறுத்துக் கோழி எழுந்து கொக்கரித்தது. கூடைக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை!

மன்னருக்குச் சிரிப்பு பீறிட்டது.

"மெதுவாக, மன்னா!" என்று கிசுகிசுத்தான் மாங்குடியான். "அடுத்த கோழி உட்கார்ந்துவிட்டது."

மன்னர் சால்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, தொந்தி குலுங்க, கண்ணில் நீர் வழியச் சத்தமில்லாமல் சிரித்தார். அப்படியே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, முத்தோடு முத்து உரசிச் சத்தம் வந்துவிடாமல் பார்த்துப் பார்த்து மாங்குடியானுக்கு அணிவித்தார்.