தலை பாக்கி வைத்த காசு

மாசி மாதம், பிசான நெல் பால் பிடிக்கும் பருவம். பொழுது புலர்ந்து ஒரு நாழிகை. குளத்தில் கிடந்த தண்ணீர் ஓர் ஊருக்குத்தான் காணும். அன்று பாயாவிட்டால் கட்டாரிகுளத்து அழகிரியின் நெல் அத்தனையும் பதர். காசு சுண்டித் தலை விழுந்தால் கட்டாரிகுளத்துக்கு, பூ விழுந்தால் வடக்கூருக்கு என்று மடைக்காவலர் தீர்த்திருந்தார்.

கட்டாரிகுளத்தார் எதையும் அரைகுறையாகச் செய்பவர்கள் அல்லர். முதல் நாளே வாத்தியாரிடம் போய் விவரம் கேட்டார்கள்.

“காசென்றால் பாதி தலை, பாதி பூ. பத்துக்கு ஐந்து,” என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

செட்டியார் கடையில் ஒரு ரூபாய்க் காசை இரவல் வாங்கிப் பத்துத் தடவை சுண்டினார்கள். ஏழு பூ, மூன்றே தலை. அழகிரிக்குக் கண் கலங்கிவிட்டது.

“அழாதேயும் வே!” என்றார் கொம்பையா. “பூ ஏழு போட்டுச்சு, தலை மூணுதான். அப்போ நாலு தலை பாக்கி. உள்ளேதானே கிடக்கு?”

“வெளியே வருமா?”

“வராம எங்க போகும்? காசுக்குக் காலா இருக்கு?”

“வழியில உருண்டு புரண்டா அங்கேயே சிந்திப்போகுமே வே!” என்றார் ஆவுடையப்பன்.

நியாயமான அச்சம். எனவே தாம்பாளத்தில் ஈரமண் பரப்பி, காசை அதில் பதித்து, கயிற்றுக் கட்டிலில் ஏற்றி, அன்று காலை நால்வர் மடைக்குத் தூக்கிவந்தனர். எதிரே வந்த ஒருவர் தோள்துண்டை இறக்கி இடுப்பில் கட்டினார்.

“யாருப்பா போயிட்டா?”

“ஒண்ணும் போகலை அண்ணாச்சி. நாலும் உள்ளேதான் இருக்கு.”

மடைக்காவலர் அந்தக் காசையே வாங்கிச் சுண்டினார். பூ!

அழகிரி வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொம்பையாவோ துள்ளிக் குதித்தார்.

“அடிச்சது யோகம்! இப்போ பாக்கி அஞ்சு!”

கட்டாரிகுளத்தார் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஜெயித்த வடக்கூர்ப் பெரியவர் பேச்சிமுத்து மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“அஞ்சு தலையா? அடுத்த தண்ணிக்கும் இதே காசு வந்தா எங்க கதி என்ன வே? அதை எங்களுக்குக் கொடுத்துடும்.”

“கொடுத்தா?” என்றார் அழகிரி.

“இன்னிக்குத் தண்ணி உங்களுக்கு.”

ஐந்து தலையைப் பிரிய ஊருக்கே மனமில்லை. அழகிரிதான் விம்மிக்கொண்டே காசை நீட்டினார். வடக்கூரார் அதைத் தலை குப்புறக் கவிழ்த்து, துணியில் இறுக்கி முடிந்துகொண்டு போனார்கள். உச்சிவேளைக்குள் அழகிரியின் வயலில் தண்ணீர் ஏறியது.

பங்குனியில் அறுவடை முடிந்ததும் மடைக்காவலருக்குரிய கூலி நெல்லை அழகிரி களத்திலேயே அளந்துவிட்டார். செட்டியாருக்கோ தண்ணீர் பாய்ந்த மறுநாள் காலையிலேயே வேறொரு ரூபாயைக் கொடுத்தாயிற்று. ஆனால், அவர் இரவல் தந்தது ஒன்றும் பாக்கியில்லாத வெறும் காசுதானே? ஆகவே முந்தின சாயங்காலம் முழுவதும் இந்த வேறு ரூபாயைச் சுண்டி, உள்ளே இருந்த தலைகளை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்ட பிறகே கொடுத்தார்கள்.