மூன்றாவது கேன் நுரை மருந்து

சவரிமுத்து அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்து மூன்று. அவருடைய குருவுக்கோ முப்பத்தொன்று. ஆலையில் கெமிஸ்ட், பேர் ஜொஹரா. தண்ணீர் சங்கதியெல்லாம் பொறுமையாகச் சொல்லித்தருவதால் அவருக்கு அவள் ‘டீச்சர்’.

இருபது வருஷம் மூட்டை தைத்த மனுஷரை, ஆலைத் தண்ணீரை ஆறவைக்கும் கூலிங் டவருக்கு மாற்றி மூன்று மாதம் ஆகிறது. இங்கேயே வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று மேனேஜர் இன்றைக்குப் பதினோரு மணிக்கு வந்து பார்த்துச் சொல்வார். இன்றைக்கென்று பார்த்துத்தானா இப்படி! டவருக்குக் கீழே தொட்டி முழுக்க நுரை. பால் பொங்கின மாதிரி விளிம்பைத் தாண்டி வழிகிறது.

“ரெண்டு கேன் நுரை மருந்து ஊத்திட்டேன் டீச்சர். அடங்குது, அரை மணியில திரும்ப எந்திரிக்குது. இன்னும் எவ்வளவு ஊத்தணும்?”

“எப்ப இருந்து இப்படி?”

“திங்கக்கிழமையில இருந்து.” குரல் உள்ளே போய்விட்டது. “நீங்க வர்றதுக்கு முன்னாடி ஊத்தி அமுக்கிருவேன்.”

“அடப்பாவி அண்ணாச்சி! இன்னைக்கு வியாழன்!”

திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்தார். அவள் சிரித்துக்கொண்டே ஒரு கூடை காலி பாட்டிலை நீட்டினாள்.

“வாங்க, ஒரு நடை போய்ட்டு வருவோம்.”

டவர்த் தண்ணீர், ஆலைச் சரக்கைக் குளிரவைக்கும் எட்டு கூலர்களைச் சுற்றிவிட்டுத்தான் திரும்பி வரும். ஒவ்வொரு கூலரிலும் தண்ணீர் வெளியே வரும் குழாயில் அவரையே பாட்டிலில் பிடித்துக் குலுக்கச் சொன்னாள். நான்கு பாட்டிலில் நுரை எழுந்த வேகத்தில் அடங்கியது. ஐந்தாவதில் கழுத்துவரை ஏறி, இறங்க மாட்டேன் என்று நின்றது.

“மாதாவே! உள்ள ஓடுற சரக்கு தண்ணியில கசியுதா?”

“ஆமா அண்ணாச்சி.”

கூலரை நிறுத்தினார்கள். ஆனால் கலந்தது கலந்ததுதானே. தண்ணீரை மாற்றி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். மணி பத்தே முக்கால். அண்ணாச்சி ஓடிப்போய் மூன்றாவது கேனைத் திறந்தார். டீச்சர் மூடியை வாங்கித் திரும்பத் திருகி மூடினாள்.

“இந்த ஒரு வாட்டி மட்டும், டீச்சர். நுரையோட பாத்தா மறுபடி மூட்டை தைக்க அனுப்பிருவாரு. எனக்கு இந்த வேலை அவ்வளவு பிடிச்சிருக்கு.” கண் கலங்கிவிட்டது அவருக்கு.

ஜொஹரா ஐந்தாவது பாட்டிலை எடுத்து, மேனேஜரிடம் காட்டச் சொல்லி அவர் கையில் வைத்தாள்.

“நுரையே இல்லாத தொட்டின்னா, அதைப் பாத்துக்க ஒரு ஆளு எதுக்கு, அண்ணாச்சி?”