வெயிலாச்சி பிரித்த கூரை

முன்னொரு காலத்தில், ஏழு மலைக்கு அந்தப்பக்கம், வருஷத்துக்கு மூன்றே மழை பெய்கிற நாடு ஒன்று இருந்தது. அந்த மூன்றும் அங்கே தங்குவதில்லை. குன்றின்மேல் மாயக்குடத்தோடு உட்கார்ந்திருந்த மந்திரவாதி, "நிற்காதே, ஓடு! என் குடத்துக்கு ஓடு!" என்பான். மழையும் ஓடிவிடும். ஊர்க்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? அறுவடை முடிந்ததும் வைக்கோலையும் அடித்தாளையும் கொளுத்தி, நிலத்தைக் கூட்டிப் பெருக்கி, மழை ஓடுவதற்கு வசதி செய்துகொடுத்தார்கள். சுத்தமாம்!

அங்கே வெயிலாச்சி என்றொரு பெண். அவளிடம் ஒரு மாடும் மூன்று பிடி வரகு விதையும் இருந்தன. அந்த விதையும் போனால், ஊரில் வேறு யாரிடமும் விதை கிடையாது.

முதல் பிடியைப் பெருக்கிய நிலத்தில் விதைத்தாள். மழை வந்தது. "நிற்காதே, ஓடு!" விதையோடு ஓடிவிட்டது. இரண்டாம் பிடிக்கு ஆழமாக உழுதாள். மழை வந்தது. "நிற்காதே, ஓடு!" விதையும் போச்சு, மேல்மண்ணும் போச்சு. வெயிலாச்சி வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

"அழுதது போதும் தாயி," என்றது காலடியில் ஒரு மண்புழு. இளவரசனாக மாறும் என்று காத்திருக்காதீர்கள், புழு புழுதான். "என் வீட்டைப் புரட்டாத. எனக்குச் சோறு போடு. எனக்குப் போர்த்தி விடு. வெறும் மண்ணுலதான் அவன் மந்திரம் பலிக்கும்."

உழாமல், குச்சியால் குத்திக் கடைசிப் பிடியை ஊன்றினாள். சோற்றுக்கு மாட்டுச் சாணி இருந்தது. போர்வைக்கு எங்கே போவாள்? வைக்கோலைத்தான் ஊரே கொளுத்திவிட்டதே! தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஏணி வைத்து ஏறி, வைக்கோல் அத்தனையையும் பிரித்து நிலத்தில் பரப்பினாள்.

"மழை வாற நேரத்துல கூரையப் பிரிக்கா! கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று ஊர் சிரித்தது.

மூன்றாம் மழை வந்தது. "நிற்காதே, ஓடு!"

"இருய்யா, இங்க பாய் விரிச்சிருக்காக. உக்காந்துட்டு வாறேன்," என்றது மழை. உட்கார்ந்த மழை மண்ணுக்குள் இறங்கிவிட்டது. காத்துக் காத்துக் காய்ந்த குடம் படீரென்று வெடித்தது, மந்திரமும் அதோடு தீர்ந்தது. கூரையில்லாத வீட்டில் தொப்பலாக நனைந்த வெயிலாச்சி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாள்.

வரகு அமோகமாக விளைந்தது. ஊருக்கெல்லாம் விதை கொடுத்தாள். தாகமென்று வந்து நின்ற மந்திரவாதிக்கும் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். சிரித்த ஊரே புது வைக்கோலோடு கூரை வேய வந்தது.

"இருங்க. முதக் கட்டு மண்ணுக்கு," என்றாள் வெயிலாச்சி. "அது போர்த்தினப்புறம் நமக்கு."

அன்றிலிருந்து அந்த நாட்டில் கூரை வேய்கிறவர்கள், முதல் கட்டை நிலத்தில் போட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏணியில் கால் வைக்கிறார்கள்.