வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி

"மூணு மாசமா இந்த வண்டியை யாரும் ஸ்டார்ட் பண்ணல. குறை கண்டுபிடிச்சா வண்டி இனாம்!" என்றார் பழைய கார் வியாபாரி தனகோடி.

சேமிப்பையெல்லாம் திரட்டி சொகுசு எஸ்யுவி வாங்க வந்த டாக்டர் பரிமளம் பணப்பையைத் திறந்தார். அவருடைய டிரைவர் இருளப்பன் பானெட்டைத் தொட்டான். சுட்டது.

"மணி பத்தரை, ராகுகாலம் தொடங்கிடுச்சும்மா. பன்னிரண்டு வரைக்கும் பணமும் வேண்டாம், சாவியும் வேண்டாம்."

நெற்றி நிறைய விபூதி பூசியிருந்த தனகோடியால் மறுக்க முடியவில்லை. டீ வரவழைத்தார்.

பன்னிரண்டுக்கு இருளப்பன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் கடகடவென அடித்துக்கொண்டது. நீலப் புகையில் கடையின் பெயர்ப்பலகையே மறைந்தது.

"சிலிண்டர் தேஞ்சிருக்கும்மா. சூடா இருந்தா சத்தம் அடங்கியிருக்கும்."

"என் வண்டியை என்னடா பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. காலையில நீங்க சூடாக்கினதை ஆறவிட்டேன். இனாம் வேண்டாம், நீங்களே வச்சுக்குங்க."