மடிச் சூடும் பூனையின் பாராட்டும்

வீங்கி வலிக்கிற இடத்தைப் பார்த்து, "ஆகா, என்ன அழகு!" என்று ஒருத்தர் சொன்னால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா? காரி என்ற பசுவுக்கு முதலில் வரவில்லை. அதுதான் வினையாகிப் போனது.

காட்டோரக் குளக்கரையில் காரி மேய்ந்துகொண்டிருந்தது. அதன் மடியில் ஒரு பக்கம் வீங்கிச் சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது.

"அடியாத்தி! பால் எப்படிக் கட்டி நிக்குது பாரு! ஊரிலேயே உன் மடிதான் பெரிசு!" என்றது மினுக்கி என்ற பூனை.

காரியை வளர்க்கும் பூவாத்தா, பால் கறந்ததும் ஒரு சிரட்டைப் பால் பூனைக்கு ஊற்றுவாள். ஆனால் மடிக்கு மருந்து போட்டாலோ, அது ஆறும்வரை அந்தப் பாலைக் குழியில் கொட்டிவிடுவாள். மினுக்கிக்கு அது நன்றாகத் தெரியும்.

"வலிக்குதே!" என்றது காரி.

"வலிக்கத்தான் செய்யும். கறக்கிறப்போ பல்லைக் கடிச்சுக்கிட்டு நில்லு. உதைச்சே, சந்தைக்கு ஓட்டிடுவாங்க!"

பக்கத்தில் மேய்ந்த கொம்பி ஆட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏய் மினுக்கி, வாயை மூடு! காரி, உன் புத்தி எங்கே போச்சு? எனக்கும் இப்படித்தான் வீங்குச்சு. சும்மா இருந்தேன். ஒரு காம்பு வத்தியே போச்சு! மடிக்குள்ளே பால் சுரக்கிற சின்னச் சின்ன அறைங்க இருக்கு. இந்தச் சூடு அதைத்தான் தின்னும்! போய் பூவாத்தாகிட்டே காட்டு!"

"உனக்குப் பொறாமை!" என்று காரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"உன் வீக்கத்தைப் பார்த்தா? தூ!" கொம்பி விறுவிறுவென்று போய்விட்டது.

சாயங்காலம் கன்று ஓடிவந்து காம்பைக் கவ்வியது. உடனே துப்பியது.

"அம்மா, உப்புக் கரிக்குது! எனக்கு வேண்டாம்!"

பசியில் அது கத்தக் கத்த, காரிக்குச் சுருக்கென்றது. கோபம் தலைக்கேறியது.

பூவாத்தா செம்போடு வந்து உட்கார்ந்தாள். "அசையாதே, அசையாதே!" என்றது பூனை. காரி விட்டது ஒரு உதை! செம்பு உருண்டோடியது.

"என்னடி கேடு உனக்கு?" என்று பூவாத்தா மடியைத் தொட்டாள். பீய்ச்சிப் பார்த்தாள். பால் திரிதிரியாக வந்தது. "ஐயையோ, இப்படிக் கொதிக்குதே! வாயைத் திறந்து சொல்லமாட்டியா?"

கெட்ட பாலை முழுக்கப் பீய்ச்சிக் குழியில் கொட்டினாள். மடியைக் கழுவினாள். வேலியோரத்துச் சோற்றுக்கற்றாழையை வெட்டி, மஞ்சளும் துளி சுண்ணாம்பும் சேர்த்து அரைத்துத் தடவினாள். காய்ந்ததும் மறுபடி தடவினாள். "இறங்காட்டி விடிஞ்சதும் மாட்டு டாக்டரைக் கூப்பிடணும்" என்று முணுமுணுத்தாள்.

"ஐயோ, என் பங்கு!" என்று குழியைப் பார்த்து அலறியது மினுக்கி.

"அடி திருட்டுக் கழுதை! ஒரு சிரட்டைப் பாலுக்கா என் மடியை வேகவிட்டே? என் பிள்ளை பட்டினி கிடக்குது, உனக்குப் பங்கா? ஓடு!"

காரி கொம்பைத் தாழ்த்தியது. பூனை சுவரேறிக் குதித்து ஓடியது.

கற்றாழையும் மஞ்சளும் வேலை செய்தன. விடிவதற்குள் சூடு தணிந்தது. சில நாளில் வீக்கமும் வடிந்தது. பால் சுரக்கும் அறைகள் பிழைத்துக்கொண்டன. கன்று முட்டி முட்டிக் குடித்தது.

நம் வலியைப் புகழ்கிறவரை விரட்ட வேண்டும்; திட்டியாவது அதை எடுத்துச் சொல்கிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குளக்கரைக்குப் போனதும் காரி ஆட்டைத் தேடிப் போய்க் கேட்டது: "கொம்பி, இனிமே நான் மூஞ்சியைத் திருப்பினாலும் விட்டுட்டுப் போயிடாதே. என்னை முட்டியாவது சொல்லிடு!"