நகம் மாட்டிய கோடு

"அம்மணி, எனக்கு எப்பத்தானுங்க கெட்டி பேட் குடுப்பீங்க?"

கேட்டவர் செங்கோடன். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தெட்டு வருஷம் லாரிகளுக்குப் பெயின்ட் அடித்தவர். பட்டறை மூடிப்போனதால், நாலு மாதத்துக்கு முன் பைபாஸ் ஓரத்துக் கார் பாலிஷ் கடைக்கு வேலை கற்க வந்தவர்.

பதில் சொல்ல வேண்டியவள் வளர்மதி. வயது முப்பத்தொன்று. கடை அவளுடையது.

பாலிஷ் மெஷினின் முகத்தில் ஒட்டுகிற வட்டமான ஃபோம்தான் பேட். மெத்தென்ற கறுப்பு பேட்கள் மேஜை மேல் கிடக்கும். கெட்டியான ஆரஞ்சு பேட்கள் ட்ராயரில் பூட்டிக் கிடக்கும்.

"மேஜை மேல இருக்கறது போதாதுங்களா அண்ணா?"

"நாலு மாசமா கொழந்தைக்குப் பவுடர் போடற மாதிரி தடவிட்டு இருக்கறேன். லாரியத் தேச்ச கைங்க இது."

"காருல எதுக்கு லாரியத் தேடறீங்க?"

அவ்வளவுதான். அவள் அடுத்த காரைக் கழுவப் போய்விட்டாள்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். செங்கோடனுக்குப் பூமி வேண்டாம், அந்த ட்ராயர் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுக்குப் போனார். ஓர் ஆரஞ்சு பேட் வாங்கி வந்தார்.

திங்கட்கிழமை வளர்மதி வெளியே போன நேரம் பார்த்து, ஒரு கறுப்புக் காரின் பானட்டில் கம்பவுண்ட் என்ற பாலிஷ் களிம்பைத் தடவி, அழுத்தித் தேய்த்தார். அரை மணியில் கீறல் எல்லாம் காணோம். பானட்டில் அவருடைய மீசை தெரிந்தது. அதை முறுக்கிவிட்டுக்கொண்டார்.

வளர்மதி வந்தாள். பார்த்தாள். துணியில் ஸ்பிரிட்டை நனைத்து பானட்டைத் துடைத்தாள். கம்பவுண்டின் எண்ணெய்ப் பசை துணியோடு வந்தது.

"தள்ளுங்க அண்ணா. வெயிலுக்குப் போலாம்."

இருவருமாகக் காரை வெளியே தள்ளினார்கள்.

வெயிலில் பானட் முழுக்க வளையம் வளையமாகச் சிராய்ப்பு. நாரைப் போட்டுத் தேய்த்த சட்டியின் அடி மாதிரி இருந்தது.

செங்கோடனுக்கு அழுகை வந்தது. பிறத்தியான் பொருள். வியர்வையைத் துடைப்பதுபோல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"திட்டிப்போடுங்க அம்மணி."

"பெயின்ட்டுக்கு மேல இருக்கற கிளியர் கோட்டு காகிதத்தை விட மெல்லிசு. அதுல கொஞ்சம் போயிருச்சு. போனது வராதுங்க. திட்டினா வந்துருமா?"

மேஜையிலிருந்து ஒரு கறுப்பு பேடை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

வளையங்கள் போக இரண்டு நாள் ஆயிற்று. குழந்தைக்குப் பவுடர் போடுகிற அதே பேட். இந்த முறை செங்கோடன் அழுத்தவில்லை.

மூன்றாம் நாள் மேஜையில் மூன்று ஆரஞ்சு பேட்கள் இருந்தன. ஒன்று அவர் வாங்கியது.

"இதுல கெட்டி எதுங்க அண்ணா?"

"மூணும் ஆரஞ்சு. மூணும் கெட்டிதான்."

"கண்ண மூடிட்டுச் சொல்லுங்க."

செங்கோடன் கண்ணை மூடினார். கட்டை விரலால் அழுத்தினார். ஒன்று இட்லி மாதிரி அமுங்கியது. ஒன்று பாதி இறங்கி நின்றது. அவர் வாங்கி வந்தது விரலையே திருப்பித் தள்ளியது.

"கம்பெனிக்குக் கம்பெனி வேறயா? அப்பறம் எதுக்குங்க இந்த நெறம்?"

"கடைக்காரரு அடுக்கறதுக்கு."

செங்கோடனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

அதற்கடுத்த வாரம் சென்னியப்பன் வந்தார். கடை இருக்கும் கட்டடத்துக்குச் சொந்தக்காரர். மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். பெண் ஏறிப் போகவேண்டிய கருநீலக் காரின் கதவில் நீளமாக ஒரு கோடு.

"சாயங்காலத்துக்குள்ள இந்தக் கோடு இருக்கக் கூடாது," என்றார்.

செங்கோடன் நகத்தால் கோட்டைத் தடவினார். நகம் மாட்டியது.

"ஆழமுங்க. அதும் கதவு மடிப்பு மேல, அங்க இன்னும் மெல்லிசு. இது போற வரைக்கும் தேச்சா சுத்தியும் கிளியர் கோட்டே இருக்காது. கொஞ்ச நாள்ல வெளுத்துருமுங்க. கதவுக்குப் புதுசாப் பெயின்ட் அடிக்கோணும். நாலு நாள் ஆகும்."

"நாளைக்கு நல்லா இருந்தாப் போதும்யா."

"அதில்லைங்க..."

"காரு என்னுது. கடையும் என்னுது. ஏம்மா, இங்க மொதலாளி நீயா, இந்த ஆளா?"

வளர்மதி ட்ராயரைத் திறந்தாள். கெட்டி பேடை எடுத்தாள். செங்கோடன் கையில் வைத்தாள்.

"நீங்க பாத்துக்குங்க அண்ணா."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அவர் கேட்டது கையில் இருக்கிறது. கொடுத்தது அவள். தேய்த்தால் கோடு போய்விடும், கல்யாணம் நடக்கும், எல்லாரும் நன்றாக இருப்பார்கள். கதவு மட்டும் பிறகு வெளுக்கும்.

செங்கோடன் கட்டை விரலால் பேடை அழுத்தினார். அது விரலைத் திருப்பித் தள்ளியது.

வளர்மதியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டேனுங்க."

"என்ன?"

"மாட்டேனுங்க. காரு முழுக்க கண்ணாடியாப் பண்ணித் தர்றேன். அந்தக் கோட்ட மட்டும் தொட மாட்டேன்."

"தொடலைன்னா இந்த மாசக் கடைசியில கடையக் காலி பண்ணோணும்."

செங்கோடன் பேடை ட்ராயரில் வைத்து மூடினார்.

சென்னியப்பன் காரை எடுத்துக்கொண்டு போனார். போகிற வேகத்தில் வாளியைத் தட்டிவிட்டுப் போனார்.

கவிழ்ந்த வாளியை நிமிர்த்தி வைத்தார் செங்கோடன். தலை நிமிரவில்லை.

"என்னாலதானுங்க அம்மணி. ஆறு வருசக் கடை."

உள்ளே போன வளர்மதி ஏணியோடு வந்தாள். வாசலில் சாய்த்தாள். ஏறினாள். கடையின் பெயர்ப் பலகையில் முதல் ஸ்குரூவைக் கழற்றத் தொடங்கினாள்.

"மாசக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்குதுங்களே."

"அதுக்கு?"

செங்கோடன் ஏணியடியில் வந்து நின்றார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் அந்தப் பேடப் போட்டிருந்தா?"

ஸ்குரூ கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"கடை இருந்திருக்கும். பேரு போயிருக்கும்," என்றாள் வளர்மதி. "ஏணிய நல்லா அழுத்திப் புடிங்க அண்ணா. இதுக்குத்தான் லாரிக் கை."