மரங்கொத்தி கண்டுபிடித்த விளையாட்டு

ஒரு காட்டில், மற்றவர்களுக்கு வீடு செய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு மரங்கொத்தி இருந்தது. அதன் பெயர் செங்கொண்டை. மரத்தைக் குடைந்து பொந்து செய்வதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது. அது செய்த பொந்தில் ஒரு சொட்டு மழைத்தண்ணீர் இறங்காது. வாசல் குறுகலாக இருக்கும். உள்ளே போனால் குடும்பமே படுத்துக்கொள்ளலாம். கிளி, மைனா, ஆந்தை என்று பொந்தில் வாழும் பறவைகளில் பாதிக்கு மேல் செங்கொண்டை செய்து கொடுத்த வீட்டில்தான் குடியிருந்தன.

செங்கொண்டைக்கு ஒரே மகள். தலையெல்லாம் வெள்ளைப் புள்ளி இருந்ததால் பொட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். பொட்டு தத்தித் தத்தி நடக்கும். மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டு நாலு அடி ஏறும். பறக்க இன்னும் வரவில்லை. பேச்சு மட்டும் நன்றாக வந்துவிட்டது.

தாய் மரங்கொத்தி காலையில் ஆற்றுக்கு அக்கரை போனால், எறும்பு முட்டை சேர்த்துக்கொண்டு சாயங்காலம்தான் திரும்பும். பகல் முழுவதும் பொட்டு அப்பாவின் பொறுப்பு.

ஒரு நாள் ஒரு பெண் கிளி பறந்து வந்து அவர்கள் குடியிருந்த வாகை மரத்தில் உட்கார்ந்தது. இறகெல்லாம் கலைந்திருந்தது.

"அண்ணா, நேற்று அடித்த காற்றில் எங்கள் மரம் சாய்ந்துவிட்டது. இன்னும் எட்டு நாளில் நான் முட்டையிட வேண்டும். போக இடம் இல்லை."

"எட்டு நாளா? ஒரு நல்ல பொந்துக்கு எட்டு நாள் முழுசாக வேண்டும், தங்கச்சி. நடுவில் ஒரு நாள்கூடத் தவற முடியாது."

"உங்களை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை."

செங்கொண்டை வாகை மரத்தின் மேலே பட்டுப்போயிருந்த கொம்பு ஒன்றைத் தட்டிப் பார்த்தது. கணீரென்று கேட்டது. "இந்தக் கொம்பு தாங்கும். இன்றைக்கே ஆரம்பிக்கிறேன்" என்றது.

கிளி நிம்மதியாகப் போயிற்று. செங்கொண்டையின் நிம்மதி அத்துடன் போயிற்று.

பத்துக் கொத்து கொத்துவதற்குள் கீழே பொந்து வாசலிலிருந்து குரல் வந்தது. "அப்பா, மேலேர்ந்து என்ன விழுது?"

"மரத்தூள், கண்ணு."

"ஏன் விழுது?"

"அப்பா கொத்துகிறேன் இல்லையா, அதனால்."

"ஏன் கொத்துறீங்க?"

"கிளி அத்தைக்கு வீடு வேண்டும்."

"ஏன் வேணும்?"

செங்கொண்டை ஒரு காய்ந்த வாகைக் காயைப் பறித்துக் கொடுத்தது. ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும். பொட்டு அதை நாலு தடவை ஆட்டிவிட்டுக் கீழே போட்டது. போட்டுவிட்டு, "அது வேணும்" என்று அழுதது. அப்பா கீழே பறந்து போய் எடுத்து வந்து கொடுத்தது. பொட்டு மறுபடியும் கீழே போட்டது. அன்றைக்கு மட்டும் செங்கொண்டை தரைக்கும் மரத்துக்கும் பதினேழு தடவை பறந்தது. சாயங்காலம் பார்த்தால், கொம்பில் ஒரு நாவல் பழம் வைக்கும் அளவுக்குத்தான் குழி விழுந்திருந்தது.

மறுநாள் காலையில் கரிச்சான் குருவி ஒன்று வந்தது. கரிச்சானுக்கு எல்லாப் பறவைகளின் குரலும் வரும். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அதற்குப் பசிகூடத் தெரியாது.

"என்ன அண்ணே, குழந்தை வேலை செய்ய விடமாட்டேன் என்கிறதா? என்னிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் பாட்டுக்கு உங்கள் வேலையைப் பாருங்கள்."

பொந்துக்கு எதிரே இருந்த கிளையில் உட்கார்ந்து அது குயிலைப் போல் கூவியது. அணிலைப் போல் கீச்சிட்டது. குரங்கைப் போல் உறுமிவிட்டு, வாலை விசிறி ஒரு குட்டிக்கரணம் போட்டது. பொட்டு திறந்த அலகை மூடவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை.

அன்றும் அதற்கு அடுத்த நாளும் செங்கொண்டைக்கு வேலை மளமளவென்று நடந்தது. கரிச்சானைப் போல ஒரு நல்லவன் உண்டா என்று நினைத்துக்கொண்டது.

ஆனால் கரிச்சான் கிளம்பிப் போன மறுநிமிடம் பொட்டு அழ ஆரம்பிக்கும். அம்மா வாயில் கொண்டுவந்து வைக்கிற எறும்பு முட்டையைத் துப்பும். "கரிச்சான் மாமா வேணும்" என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

நாலாம் நாள் கரிச்சான் குயிலாகக் கூவியபோது பொட்டு திரும்பிப் பார்க்கவில்லை. அணிலாகக் கீச்சிட்டபோதும் பார்க்கவில்லை. கரிச்சான் கொஞ்சம் யோசித்தது. பிறகு கழுத்தை நீட்டி, "கீ... கீ..." என்று வல்லூறைப் போலக் கத்தியது.

சுற்றிலும் இருந்த குருவிகள் எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு புதருக்குள் பாய்ந்தன. செங்கொண்டையே கொம்போடு கொம்பாக ஒட்டிக்கொண்டது. பொட்டு நடுங்கியது. கரிச்சான் சிரித்தது. மறுபடி கத்தியது. மூன்றாவது தடவை பொட்டுவும் சிரித்தது.

"தம்பி, இது வேண்டாம். இந்தக் குரல் கேட்டால் குழந்தை பயந்து உள்ளே ஓட வேண்டும். நீ சிரிக்கக் கற்றுக்கொடுக்கிறாய்" என்றது செங்கொண்டை.

"நேற்றுக் காட்டியதை இன்றைக்குக் காட்டினால் உங்கள் மகள் பார்ப்பதில்லையே, நான் என்ன செய்ய? உங்களுக்கு வேலை நடக்க வேண்டுமா, வேண்டாமா?"

செங்கொண்டைக்கு மனசு உறுத்தியது. ஆனால் பொந்து பாதிதான் முடிந்திருந்தது. திரும்பிக் கொத்த ஆரம்பித்தது.

ஐந்தாம் நாள் கரிச்சான் வரவில்லை. ஆற்றங்கரைக்குக் குரங்குக் கூட்டம் ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே வித்தை காட்டப் போய்விட்டது. இது தெரியாமல் செங்கொண்டை கொத்திக்கொண்டே இருந்தது. தூரத்தில் "கீ... கீ..." என்று சத்தம் கேட்டபோதும், கரிச்சான் வந்துவிட்டது போலும் என்றுதான் நினைத்தது.

பிறகு ஏதோ தோன்றி எட்டிப் பார்த்தது. பொந்து வாசலில் பொட்டு இல்லை. நீண்ட கிளையின் நுனியில், வெட்டவெளியில் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்து, "கரிச்சான் மாமா, இங்கே இருக்கேன்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மேலேயிருந்து சிறகை மடக்கிக்கொண்டு இறங்கியது நிஜமான வல்லூறு.

செங்கொண்டை கல்லைப் போல விழுந்தது. மகளை நெஞ்சால் இடித்துத் தள்ளிக்கொண்டு இலைச்செறிவுக்குள் புகுந்தது. வல்லூறின் நகத்தில் அதன் வால் இறகு மூன்று சிக்கிப் பிய்ந்துபோயிற்று. அப்படியே பொட்டுவைப் பொந்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

குழந்தைகளே, மரங்கொத்தி தன் வாலை மரத்தில் முட்டுக்கொடுத்துக்கொண்டுதான் கொத்தும். வாலில் மூன்று இறகு போனால் பாதி பலம் போன மாதிரி. இன்னும் மூன்றே நாள் இருந்தன.

அன்று மீதிப் பொழுதெல்லாம் செங்கொண்டை பொந்துக்குள் மகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தன்மேல்தான் அதற்குக் கோபம். கிளிக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை.

பொட்டு சும்மா இருக்க முடியாமல் சின்ன அலகால் சுவரில் தட்டியது. டொக்.

செங்கொண்டை ஏதோ நினைவில் தானும் தட்டியது. டொக்.

பொட்டு தலையைச் சாய்த்து அப்பாவைப் பார்த்தது. டொக், டொக் என்று இரண்டு தட்டியது. அப்பாவும் இரண்டு தட்டியது. பொட்டு கெக்கெக்கென்று சிரித்தது. கரிச்சானைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு வேறு, இது வேறு. செங்கொண்டை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"பொட்டு, நீ இங்கேயே இரு. வெளியே வரக்கூடாது. அப்பா மேலே போய்த் தட்டுகிறேன், உனக்குக் கேட்கிறதா பார்."

மேலே பட்டுப்போன கொம்புக்குப் போய் மூன்று தட்டியது. சத்தம் மரத்துக்குள்ளேயே இறங்கிப் போயிற்று. ஒரு நொடி கழித்துக் கீழேயிருந்து பதில் ஏறி வந்தது. டொக், டொக், டொக்.

செங்கொண்டை திரும்ப இறங்கி வந்து சொன்னது: "இதுதான் நம் விளையாட்டு. அப்பா எத்தனை தட்டுகிறேனோ நீயும் அத்தனை தட்ட வேண்டும். ஆனால் அப்பா சத்தம் நின்றுபோனால், நீ பொந்தின் அடியில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். நான் மறுபடி தட்டும் வரை அசையக் கூடாது, பேசக் கூடாது. யார் கூப்பிட்டாலும் பேசக் கூடாது. பேசினால் நீ தோற்றாய்."

"பேசலேன்னா?"

"நீ ஜெயித்தாய்."

"நான்தான் ஜெயிப்பேன்" என்றது பொட்டு.

ஆறாம் நாள் விடிந்ததிலிருந்து வாகை மரத்தில் இரண்டு சத்தம் கேட்டது. மேலே கனமாக ஒன்று, கீழே மெல்லியதாக ஒன்று. செங்கொண்டை விளையாட்டுக்காக வேலையை நிறுத்தவே இல்லை. கொத்துவதுதான் விளையாட்டு. பதில் வருகிற வரைக்கும் மகள் உள்ளே இருக்கிறாள், பத்திரமாக இருக்கிறாள் என்று அர்த்தம்; எட்டிப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. சில சமயம் வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கும். கீழே மூச்சுச் சத்தம்கூட வராது. வால் இறகு குறைந்ததால் இடுப்பு கடுத்தது. ஆனாலும் கீழேயிருந்து பதில் வர வர, ஒரு கொத்துக்கூடத் தவறவில்லை.

ஏழாம் நாள் கரிச்சான் திரும்பி வந்தது. குரங்குகள் கல்லால் அடித்துவிட்டனவாம்.

"பொட்டு, இங்கே பார். புதுக் குரல் நாலு கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன்."

பொட்டு தலையை மட்டும் வெளியே நீட்டியது. "அப்புறம் வாங்க மாமா. எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிற்று. கரிச்சான் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தது. இரண்டு பேரும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அது வேறு மரம் தேடிப் போயிற்று.

எட்டாம் நாள் காலை, பொந்து முடிய விரற்கடை அளவுதான் பாக்கி. எதிர் மரத்தில் இலைகளுக்கு நடுவே இரண்டு மஞ்சள் கண்கள் இருப்பதைச் செங்கொண்டை பார்த்தது. கத்தாமல், சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தது வல்லூறு.

செங்கொண்டை கொத்துவதை நிறுத்தியது. கொம்பின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டு எச்சரிக்க முடியாது. குரல் கொடுத்தால் மகள் பதில் சொல்வாள்.

வல்லூறு பறந்து வந்து பொந்து வாசலில் உட்கார்ந்தது. தலையை நுழைத்துப் பார்த்தது. உள்ளே ஒரே இருட்டு. காலை விட்டுத் துழாவியது. செங்கொண்டை செய்த ஆழமான பொந்து அது, அடி எட்டவில்லை. ஆனால் வல்லூறுக்குப் பொறுமை அதிகம். பசி வந்தால் எந்தக் குஞ்சும் வாய் திறக்கும் என்று அதற்குத் தெரியும். அன்றைக்குக் கிளை நுனியில் குஞ்சு கூப்பிட்ட பெயரும் அதற்கு நினைவிருந்தது. வாசலிலேயே உட்கார்ந்து குரலை மாற்றிக்கொண்டு பேசியது.

"பாப்பா, உள்ளே இருக்கிறாயா? நான்தான் கரிச்சான் மாமா. புது வித்தை காட்ட வந்திருக்கிறேன். வெளியே வா."

பதில் இல்லை.

"அப்பா உன்னைக் கூட்டிவரச் சொன்னார். ஒரே ஒரு வார்த்தை பேசு, போதும்."

மேலே கொம்பில் செங்கொண்டை கண்ணை மூடிக்கொண்டது. தனக்கே பேச வேண்டும், கத்த வேண்டும் என்று இருந்தது. இத்தனை சின்னக் குழந்தை எத்தனை நேரம் தாங்கும்?

வெயில் ஏறியது. வாசலில் இருந்த நிழல் நகர்ந்து போயிற்று. உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட இல்லை. கடைசியில், 'இது வெறும் பொந்து' என்று வல்லூறு முடிவு செய்தது. தூரத்துப் புல்வெளியில் ஏதோ அசைவதைப் பார்த்துவிட்டுச் சிறகை விரித்துப் போயிற்று.

அது வானத்தில் ஒரு புள்ளியாகிற வரை செங்கொண்டை காத்திருந்தது. பிறகு தட்டியது. டொக்.

ஒன்றும் கேட்கவில்லை. செங்கொண்டை மறுபடி தட்டியது.

டொக், என்று கீழேயிருந்து வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு குரலும் வந்தது: "அப்பா, நான் அப்பவே ஜெயிச்சுட்டேன். நீங்கதான் ரொம்ப நேரம் தட்டலே."

செங்கொண்டை இறங்கி வந்து மகளின் தலையில் அலகால் வருடிக் கொடுத்தது. பிறகு மேலே போய், பாக்கி இருந்த விரற்கடையையும் கொத்தி முடித்தது.

சாயங்காலம் கிளி வந்தது. உள்ளே போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தது. சுவர் வழவழவென்று இருந்தது. ஓரம் ஒன்றுகூடப் பிசிறவில்லை.

"அண்ணா, உங்கள் வாலைப் பார்த்தால் மூன்று இறகைக் காணோம். சின்னக் குழந்தையையும் வைத்துக்கொண்டு இதை எப்படி முடித்தீர்கள்?"

செங்கொண்டை பதில் சொல்வதற்குள், எறும்பு முட்டையோடு தாய் மரங்கொத்தியும் வந்து சேர்ந்தது. "பொட்டு, இன்றைக்கு என்ன செய்தாய்?" என்று கேட்டது.

பொட்டு வாய் நிறைய முட்டையை வைத்துக்கொண்டு, "நானும் அப்பாவும் கிளி அத்தைக்கு வீடு கட்டி முடிச்சோம்" என்றது.

கிளி செங்கொண்டையைப் பார்த்தது. செங்கொண்டை, "ஆமாம், நாங்கள் இரண்டு பேரும்தான்" என்றது.

நீதி: வேடிக்கை காட்டிக் குழந்தையை ஒதுக்கி வைப்பதைவிட, நம் வேலையிலேயே அதற்கும் ஒரு பங்கு கொடுப்பது நல்லது, அப்படிச் செய்தால் குழந்தையும் பத்திரமாக இருக்கும், வேலையும் முடியும்.